செஞ்சி வட்டார வேளாண்மை: ஆராய்ச்சிச் செலவும் மானியமும்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தின் முதன்மைப் பயிர்களில் நெல்லும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் அடங்கும். ஏரிப் பாசனமோ பாறையைக் குடைந்த கிணறோ வாய்த்தவர்கள் நெல் நடுகிறார்கள். மற்றவர்கள் ஆடிப்பட்டத்தில் மழையை நம்பி மானாவாரி மல்லாட்டை விதைக்கிறார்கள். அரசுப் பணம் இவ்விரு சாராருக்கும் ஒரே அளவில் வந்ததில்லை.

முதலில் வந்தது ஆராய்ச்சி. 19ஆம் நூற்றாண்டில் செஞ்சியும் அடங்கிய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் மல்லாட்டை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அந்நூற்றாண்டின் இறுதியில் விளைச்சல் சரிந்தது. அதற்குத் தீர்வு காண 1905இல் பாலூரில் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியது. பின்னர் செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற மல்லாட்டை ரகம், ஆந்திரம், கர்நாடகம் வரை பல பத்தாண்டுகள் பயிரானது. 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. கிணறில்லாதவருக்கும் பலன் தந்த அரசுச் செலவு இது.

மானியத்தின் வரலாறு தெருவில் எழுதப்பட்டது. 1970இல் மின்கட்டணம் உயர்ந்தபோது கோவைப் பகுதி விவசாயிகள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் சங்கம் வலுத்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை அது. ஆனாலும் மோட்டார் இல்லாத மானாவாரிக்காரருக்கு அதில் பங்கில்லை.

உர மானியமும் அப்படித்தான். 45 கிலோ யூரியா மூட்டை ₹266.50க்குக் கிடைப்பது நெல்லுக்குப் பெரும் துணை. மல்லாட்டையோ வேர் முடிச்சுகளின் வழியே காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குத் தேவை, மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம்.

2024-25 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் உர மானியத்துக்கு ஏறத்தாழ ₹1.64 லட்சம் கோடியும், வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கு ₹9,941 கோடியும் ஒதுக்கப்பட்டன. மூட்டை விலை ஏறினால் மறுநாளே மறியல் நடக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் குறைந்தால் அதன் இழப்பு பத்து ஆண்டு கழித்தே வயலில் தெரியும். அதற்குள் இரண்டு தேர்தல் முடிந்துவிடும்.

மல்லாட்டைக்கு இந்தப் புறக்கணிப்பு கூடுதலாக வலிக்கிறது. ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். ஒரு பருவத்தில் விதை பெருகுவதோ மிகக் குறைவு. அதனால் புது ரகம் வெளிவந்தாலும் செஞ்சி விவசாயியின் கைக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. அரசு விதைப் பண்ணைகளுக்குப் பணம் அவசரமாக வேண்டியது இங்கேதான்.