எண்ணூறு மீட்டர்

கதை எழுதுகிறவனுக்கு ஓட்டப் பந்தயத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கும்மிடிப்பூண்டியில், சிப்காட் ஆலைகளுக்கு அருகே ஒரு மைதானத்தில், ஞாயிறு காலைகளில் பத்துச் சிறுமிகளுக்கு ஓட்டம் பழக்குகிறேன். சம்பளம் கிடையாது, கையில் ஒரு விசிலும் கடிகாரமும்தான்.

சென்ற வாரம் ஓர் அம்மாள், ஆலையில் இரவு வேலை முடிந்து நேரே வந்தார். "சார், எண்ணூறு மீட்டர் ஓடினா பொண்ணு மயங்கி விழுந்துட மாட்டாளா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட நூறு. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் வென்றார். அது உலக சாதனை. இறுதிப் பந்தயத்தில் ஓடிய ஒன்பது பேரும் எல்லையைத் தொட்டார்கள். பத்திரிகைகளோ பலர் சுருண்டு விழுந்ததாக எழுதின. அவ்வளவுதான், பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. ஆண் விழுந்தால் வீரம். பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் விபரீதம்!

புதுக்கோட்டைச் சீமையில் கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல் சூளைத் தொழிலாளர் மகள். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் இதே 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவரோ ஊர் திரும்பி, பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. "விழுந்தால் எழுந்து ஓடுவாள், அம்மா" என்றேன்.

மகள் ஓடி முடிக்கும்வரை நின்று பார்த்தார். பெண்ணுக்கு மூச்சு வாங்கியது; ஆனாலும் சிரித்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு, சார்?" என்றார் தாயார்.