சுவர் மரங்களைக் கயிற்றில் இறங்கி அகற்றுதல்

செங்குத்தான பாறையிலும் உயர்ந்த சுவரிலும் வேர்விட்ட மரஞ்செடிகளை, மேலிருந்து கயிற்றில் இறங்கி வெட்டி நீக்கும் பணி இது. கடலோரச் சமநிலத்தில் அமைந்த புதுச்சேரி நகரில் இதற்கான இடம் பாறை அன்று, பிரெஞ்சுக் காலக் கட்டடங்களின் சுவர். பாறைக்கு வடமேற்கே செஞ்சிக் கோட்டை வரை போகவேண்டும். 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அந்தக் கோட்டையில் மதில்கள் பாறைக் குன்றுகளின்மீதே எழுகின்றன.

சுவரில் பெரும்பாலும் முளைப்பவை அரசும் ஆலும். காகம், மைனா, குயில், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றின் எச்சத்தோடு விதை விரிசலில் விழுகிறது. பழைய சுவர்களின் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் விதை எளிதில் வேர்பிடிக்கும். வேர் பருக்கப் பருக்கச் செங்கல் விலகும். அந்த வழியே மழைநீர் உட்புகும். பழஞ்சுவருக்கு மழை எவ்வளவு பெரிய பகை என்பதைப் புதுச்சேரி 2014 நவம்பரில் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ‘மேரி’ எனப்படும் நகராட்சிக் கட்டடம் அப்போதைய மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டது.

கோபுரத் திருப்பணிக்குச் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுவதே தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். சுவர் முழுவதும் வேலை இருந்தால் இன்றும் சாரமே நல்லது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்களுக்குத்தான் கயிறு சிக்கனம். தொழில்முறைக் கயிற்றுப் பணி 1980களில் பிரிட்டனில், வடகடல் எண்ணெய் மேடைகளை ஒட்டி ஒழுங்குமுறை பெற்றது. இடுப்பிலும் தொடையிலும் பட்டை அணிந்த பணியாளர் எப்போதும் இரண்டு கயிறுகளில் இருப்பார்: ஒன்று இறங்க, மற்றொன்று காப்புக்கு. இரண்டும் தனித்தனி இடங்களில் கட்டப்படும். பழைய கைப்பிடிச்சுவரையோ அதே மரத்தையோ நம்பிக் கயிறு கட்டக்கூடாது. விளிம்பில் உராயாதபடி கயிற்றுக்கு அடியில் உறை வைக்கப்படும். இயந்திர ரம்பம் கயிற்றையே அறுத்துவிடக்கூடும் என்பதால் பல இடங்களில் கைரம்பமே ஏற்றது. கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுத்துவிட்டு, கிளைகளைச் சிறு துண்டுகளாக அறுத்துக் கயிற்றில் இறக்குவார்கள்.

வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. அடிமரத்தை விட்டுவைத்தால் ஒன்றுக்குப் பல தளிர்கள் கிளம்பும். பருத்த வேரைப் பிடித்திழுத்தால் செங்கல்லும் கூடவே வரும். எனவே வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி வேரைச் சாகவிட்டு, பிறகு கற்களைப் பிரித்து வேரை எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பார்கள். சிமெண்ட் பூசுவது தவறு. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துச் சுவரை மேலும் கெடுக்கும். பாறையிலோ, வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மக்கும்போது அது பிடித்திருந்த கல் உருளலாம்; எனவே தளர்ந்த கற்களையும் மரத்தை வெட்டும்போதே தட்டி இறக்கவேண்டும்.

அரசமரத்தை வெட்டப் பலர் தயங்குவதும் காலதாமதத்துக்கு ஒரு காரணம். இளங்கன்றாக இருக்கும்போதே எடுத்து வேறிடத்தில் நட்டுவிடலாம். ஆண்டுதோறும் மழை ஓய்ந்த தை, மாசியில் சுவரைப் பார்வையிட்டு விரல் நீளக் கன்றுகளைப் பிடுங்கிவந்தால், பெரும்பாலான கட்டடங்களுக்குக் கயிறே தேவைப்படாது.