கருப்பைவாய்ப் புற்றணுக்களில் மரபணு வெளிப்பாட்டு வேறுபாடுகள்

நலமான கருப்பைவாய் உயிரணுவோடு ஒப்பிடுகையில் புற்றணுவில் எந்தெந்த மரபணுக்கள் மிகையாக இயங்குகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதை இத்தொடர் குறிக்கும். தூது ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு இது கணிக்கப்படுகிறது.

ஆலைகள் நிறைந்த வடசென்னையின் எண்ணூர், மணலி பக்கம் புற்றுநோய் என்றாலே ஆலைப் புகையின் மீது பழி விழும். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுக்கு முதற்காரணம் ஹெச்.பி.வி. எனும் வைரஸ்; அதன் 16, 18 ஆகிய இரு வகைகளே ஏறத்தாழ 70 சதவீத நோயாளிகளிடம் காணப்படுகின்றன. வைரஸின் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வுக்குள் புகும்போது, அதன் ஈ2 மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடும். அதுவரை ஈ2 கட்டிவைத்திருந்த ஈ6, ஈ7 மரபணுக்கள் இரண்டும் தலைதூக்கும். ஈ6 புரதம், புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7 புரதம், பிளவை அடக்கும் ஆர்.பி. புரதத்தை முடக்க, உயிரணுப் பிளவுக்கான மரபணுக்கள் வரிசையாக விழித்துக்கொள்கின்றன.

இதில் விந்தையானது பி16. ஆர்.பி. வழியாகப் பிளவைத் தடுக்க வேண்டிய இப்புரதம் புற்றணுவில் குறையாமல் பெருகுகிறது. கம்பி அறுந்த சைக்கிளின் பிரேக்கைப் போல, ஆர்.பி. இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை. சாயமேற்றிய திசுத் துண்டில் பழுப்பாகத் தெரியும் பி16 இன்று நோயறிதலுக்கு உதவுகிறது.

ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பைவாய்ப் புற்றணுக்களுள், 1951இல் உருவான ஹீலா அணுவரிசையில் இருப்பது ஹெச்.பி.வி. 18ஆம் வகை. சிஹா, காஸ்கி அணுவரிசைகள் இரண்டிலும் 16ஆம் வகை. சி33ஏ அணுக்களில் வைரஸே இல்லை. அவற்றின் பி53 மரபணுவே திரிந்துள்ளது. பல்லாண்டுகளாகத் தட்டில் வளரும் அணுக்களை மட்டும் நம்ப முடியாது. நோயாளியின் திசுவைப் பார்த்தாக வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டி. ராஜ்குமார் குழுவினர் அதைச் செய்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். யூபிஇ2சி, சிசிஎன்பி1, சிடிசி20, மெல்க் முதலிய பிளவு மரபணுக்கள் புற்றுக்கு முந்தைய முற்றிய மாற்றங்களிலேயே மிகுந்திருந்தன.

இவ்வளவு தெரிந்தும், நோயை முன்கூட்டிக் கண்டறிய அரசு மையங்கள் பெரும்பாலும் நாடுவது அசிட்டிக் அமிலத்தைத்தான். அதைத் தடவியதும் மாறுபட்ட இடம் சற்று நேரத்தில் வெளுக்கும். திண்டுக்கல் மாவட்ட ஆய்வொன்றில் இம்முறையால் இப்புற்றால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது (2007). இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் 30 வயது கடந்த பெண்கள் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.