வில்லின் நெடும்பயணம்: போர்க்களம் முதல் விளையாட்டுத் திடல் வரை

நவராத்திரியின் நிறைவாக வரும் விசயதசமி மாலையில், பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரையுள்ள நம் ஆலயங்கள் பலவற்றில் அம்பு போடும் வைபவம் நடைபெறுவதைப் பக்தர்கள் அறிவர். உற்சவமூர்த்தி எழுந்தருள, வாழையோடு சேர்த்துக் கட்டிய வன்னிக் கிளையை நோக்கிக் கணைகள் எய்யப்படுகின்றன. மகிடாசுரனை அம்பிகை வென்றதன் அடையாளம் இது. ஈழத்து மரபில் இவ்விழா மானம்பூ எனப்படும். அங்கே வாழையை வாளால் வெட்டுவர். பாண்டவர்கள் தம் படைக்கலங்களை மறைத்து வைத்ததும் வன்னி மரத்தில்தான். சில நொடிகளில் முடிந்துவிடும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னே மிக நீண்ட வரலாறு ஒன்று நிற்கின்றது.

மூவேந்தருள் சேரர்க்கு உரிய இலச்சினை வில். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிற் கிடைத்த சேரர் செப்புக் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. சோழர் கல்வெட்டுகளோ ‘தெரிந்த வில்லிகள்’ என்று, தேர்ந்தெடுக்கப்பட்ட வில்வீரர் படையினரைக் குறிப்பிடுகின்றன. ஆயினும் தமிழர் நினைவில் நிலைத்த வில்லாளன் பேரரசன் அல்லன்; கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஒரே கணை யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகின்றார். புலவர் வாக்கை அளவுகோல் கொண்டு அளக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்பாடல் காட்டுவது போர்க்களத்தை அன்று, வேட்டையை. வில் முதலில் மனிதனின் பசி தீர்த்த கருவி. பகை தீர்த்தது பின்னர்தான்.

அது எளியவனின் கருவியும்கூட. யானைப் படையும் தேர்ப் படையும் மன்னனிடம் மட்டுமே இருக்கும். மூங்கிலும் நாரும் எவர்க்கும் கிட்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கச் சென்று மாண்ட ஊர் இளைஞர்கள், ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக அவற்றில் நிற்கின்றனர். அரண்மனை அறியாத அம்மனிதர்களைத்தான் ஊரார் கல்லெடுத்து வணங்கினர்.

இத்தகைய படைக்கலம் போர்க்களத்தை விட்டு ஏன் அகன்றது? துப்பாக்கி வந்தது, வில் தோற்றது என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். உண்மை அவ்வளவு எளிதன்று. 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக் குதிரைப் படையை முறியடித்தவர் ஆங்கில நெடுவில்லாளர். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன. தொடக்ககாலத் துப்பாக்கி மெதுவாகச் சுட்டது, குறியும் தவறியது. ஆனால் நல்ல வில்லாளன் உருவாகப் பிள்ளைப்பருவம் தொட்டுப் பல ஆண்டுகள் வேண்டும். துப்பாக்கி பிடிக்கச் சில வாரங்கள் போதும். படை திரட்டும் அரசுகள் விரைவையே விரும்பின. 1595இல் இங்கிலாந்து தன் படைப்பிரிவுகளில் வில்லைக் கைவிட்டது. தோற்றது வில் அன்று, பொறுமை என்பதே என் கருத்து.

நம் தீபகற்பமும் இம்மாற்றத்தைக் கண்டது. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைத் தாக்கியபோது, தற்காத்து நின்றோரிடம் பீரங்கிகளும் இருந்தன, நச்சுக் கணைகளும் இருந்தன. காட்டில் வாழ்ந்த செமாங் பழங்குடியினரிடம் முன்னர் வில் இருந்தது. பின்னர் ஊதுகுழலே அதன் இடத்தைப் பெற்றது. அக்கணைகளில் தோய்க்கும் நஞ்சைத் தருவது ஈப்போ மரம். பேராக் மாநிலத்து ஈப்போ நகர் அம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

போரில் வேலை இழந்த வில், இரு வழிகளிற் பிரிந்து சென்றது. நாம் அதனை ஆலயத்திற்குள் அழைத்துக்கொண்டோம். இராமபிரானின் கோதண்டமும் காமாட்சி அன்னையின் கரும்பு வில்லும் வழிபாட்டிற்குரியவை ஆயின. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வில்லைக் குடத்தின்மேல் கிடத்தி, மணிகள் கட்டி, நாணை வீசுகோலால் தட்டி, அம்மன் கதையும் சுடலைமாடன் கதையும் பாடினர். கொல்வதற்குச் செய்த கருவியை இசைக்கருவியாக்கிய இச்செயலுக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

மேலைநாட்டார் அதனைப் பயிற்சியாகக் காத்தனர். 1781இல் இலண்டனில் வில்வித்தைச் சங்கம் தோன்றியது. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற வில்வித்தை, 1920க்குப் பின் நீக்கப்பட்டு, 1972இல் மியூனிக்கில் மீண்டும் நுழைந்தது. அனைத்துலகச் சம்மேளனம் 1931இல் அமைந்தது. இன்று ஒலிம்பிக் வீரர் 70 மீட்டர் தொலைவிலுள்ள 122 சென்டிமீட்டர் இலக்கை எய்கின்றார்; பத்துப் புள்ளி தரும் நடுவட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். தென்கொரிய மகளிர் அணி 1988 முதல் 2024 வரை ஓர் ஒலிம்பிக்கிலும் தங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நம் நாட்டின் கைருல் அனுவார் முகமட் 2012 தொடங்கி மூன்று ஒலிம்பிக்குகளில் வில்லேந்தினார். சுக்மா போட்டிகளிலும் வில்வித்தை உண்டு. சேரன் கொடியை மேடைகளில் முழங்கும் நாம், நம் பிள்ளைகளை அத்திடல்களுக்கு அனுப்புகின்றோமா?

போரில் காயமுற்றவர்க்கு வில் மருந்தாகவும் ஆயிற்று. 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் ஒரு போட்டி நடத்தினார். முதுகுத்தண்டில் அடிபட்ட முன்னாள் படையினர் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஏகலைவன் நினைவுக்கு வருகின்றான். குருதட்சிணையாகக் கட்டைவிரலை இழந்தபின் அவன் எஞ்சிய விரல்களால் எய்தான், ஆனால் முன்போல் விரைவில்லை என்கிறது பாரதம். இன்றைய ஒலிம்பிக் முறையில் நாணை இழுப்பவை ஆட்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுமே. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை! அதற்கும் மேலே ஒருத்தி சென்றுவிட்டாள். சம்மு காசுமீரத்தின் கிஷ்த்வாரில் கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, காலால் வில்லைத் தாங்கித் தோளால் நாணை இழுத்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றாள். அப்போது அவளுக்கு வயது 17.