பணியிட மனவடு: இரயில் விபத்து வழக்குகளிலிருந்து நிறுவனக் கடமை வரை

முன்னுரை

கொடிய நிகழ்வுகளை நேரில் காண்பதும் அவற்றின் விவரங்களை நாள்தோறும் கேட்பதும் சிலருக்குத் தொழிலாகவே அமைந்துவிடுகின்றன. தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரப் பிரிவுச் செவிலியர், குழந்தைகள் நலப் பணியாளர், பாலியல் குற்ற வழக்குகளைக் கையாளும் அரசு வழக்கறிஞர் ஆகியோர் இதற்குச் சான்று. சமூக ஊடகங்களில் வரும் வன்முறைக் காட்சிகளைப் பார்த்து நீக்கும் ஊழியர்களும் இன்று அவர்களோடு சேர்ந்துள்ளனர். இந்த வேலைகளால் உண்டாகும் மனவடுவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

‘மனவடு உணர்ந்த பணியிடம்’ என்ற கருத்தை இன்று பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் நடைமுறையில் அது ஒருநாள் பயிலரங்கோடும் ஆலோசனைக்கான தொலைபேசி எண்ணோடும் நின்றுவிடுவதுண்டு. அக்கருத்து உருவான பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. பணியாளரின் மனவலிமையை அளப்பதை விட்டு, வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்று கேட்கத் தொடங்கியபோதுதான் இந்த வரலாற்றில் முன்னேற்றம் நிகழ்ந்தது என்பதே இதன் வாதம்.

பயணிக்கு இழப்பீடு, தொழிலாளிக்கு மறுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இரயில் பாதைகள் விரிந்தன, விபத்துகளும் பெருகின. வெளிக்காயம் அதிகமில்லாத பயணிகள் பலர் தூக்கமின்மை, நடுக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றால் வாடினர். இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் வெளியிட்ட விரிவுரைகளில், முதுகுத்தண்டு அதிர்ச்சியே இதற்குக் காரணம் என்றார். இழப்பீட்டு வழக்குகளில் பயணிகளுக்கு இது வலுச் சேர்த்தது. இரயில் நிறுவனம் ஒன்றின் மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883இல் இதை மறுத்து, பல நோயாளிகளைத் தாக்கியது அச்சமே என்று வாதிட்டார். நிறுவனங்களுக்குத் துணையான அந்த வாதம், உடலில் காயமின்றியே அச்சம் மனிதரை நோயாளியாக்கும் என்ற எண்ணத்துக்கும் வழிதிறந்தது.

இந்த விவாதத்தின் நடுவில் இருந்தவர் பயணிதான். இரயிலை இயக்கிய தொழிலாளி அதில் இடம்பெறவில்லை. சக ஊழியரின் தவறால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற விதி, 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கிலிருந்து வளர்ந்திருந்தது. 1880ஆம் ஆண்டின் முதலாளிப் பொறுப்புச் சட்டமே அதை ஓரளவு தளர்த்தியது.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. 1884இல் அங்கே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889இல் விபத்துவழி நரம்புநோய் பற்றிய நூலை வெளியிட்டார். காப்பீட்டு அமைப்பும் அந்நோய்க்கு இழப்பீடு தர முன்வந்தது. ஆனால் ஓய்வூதிய ஆசையே நோயாக வெளிப்படுகிறது என்ற எதிர்வாதம் மருத்துவர்களிடையே வலுத்தது. 1926இல் அந்த உரிமை பறிக்கப்பட்டது. துன்பப்படுபவரைச் சந்தேகிக்கும் மனப்பாங்கு இவ்வாறு சட்டத்தின் வலிமையைப் பெற்றது.

கோழை என்ற பழி

முதல் உலகப்போர் அதே சந்தேகத்தை இன்னும் கொடியதாக்கியது. 1915இல் சார்லஸ் மையர்ஸ் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையின் வழியே, போர்வீரர்களின் மனப்பாதிப்பைக் குறிக்கும் ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற பெயர் மருத்துவ உலகில் பரவியது. அதே போரில் போர்முனையிலிருந்து ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட பிரிட்டன், காமன்வெல்த் வீரர்களுள் 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு அளித்தது. அவர்களுள் மனம் சிதைந்தவர்களும் இருந்தனர் என்ற உணர்வு அதற்கு ஒரு காரணம். இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகள் அவர்களின் குடும்பங்கள் அவப்பெயரைச் சுமந்தன.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, வேலைக்கு இடமில்லை

1970களில் அமெரிக்காவில் இரண்டு ஓட்டங்கள் இணைந்தன. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் கூடிப் பேசும் குழுக்களை அமைத்துக்கொண்டனர். ராபர்ட் ஜே லிஃப்டன், சாயிம் ஷாத்தன் முதலிய மனநல மருத்துவர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். 1974இல் ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் ஆகியோர் பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்களின் மனநிலை பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இந்த முயற்சிகளின் பயனாக, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் இடம்பெற்றது.

ஆனால் அந்த வரையறையை விளக்கிய பகுதி, வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்வு என்று மனவடுவைக் கருதியது. பிணங்களை மீட்பதும் சிதைந்த குழந்தைகளைப் பற்றி வாக்குமூலம் வாங்குவதும் யாருக்கு வழக்கமான அனுபவமோ, அவருடைய நிலை அதில் தெளிவாக இல்லை. 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இந்த இடைவெளியை நிரப்பியது. மனித உடற்பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளரும், குழந்தைவதை விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் காவலரும் அதில் எடுத்துக்காட்டுகளாயினர். திரைவழிக் காட்சிகளும் வேலையின் பகுதியாக இருந்தால் கணக்கில் கொள்ளப்படும் என்று அது ஏற்றது.

ஒரே அமர்வில் தீர்வு தேடிய காலம்

இதற்கிடையே பணியிடங்கள் ஒரு விரைவான வழியைக் கண்டன. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் அவசர சேவை ஊழியர்களுக்காக, விபத்துக்குப் பின் குழுவாக அமர்ந்து நடந்ததைப் பேசும் முறையை முன்வைத்தார். தீயணைப்பு நிலையங்களிலிருந்து வங்கிகள் வரை அது பரவியது. செலவு குறைவு, நிறுவனம் கடமையைச் செய்துவிட்டதாகவும் காட்டிக்கொள்ளலாம்.

ஆனால் நிகழ்வு முடிந்தவுடன் ஒரே அமர்வில் பேசவைப்பது நோயைத் தடுப்பதில்லை என்று 2002ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது. சிலருக்கு அது தீங்காகலாம் என்றும் எச்சரித்தது. 2005இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், அதை வழக்கமான நடைமுறையாகக் கொள்ளவேண்டாம் என்றது. நல்லெண்ணத்தோடு செய்த பணியாயினும், வேலையின் அமைப்பைத் தொடாத உதவி எவ்வளவு குறுகியது என்பதை இந்த அத்தியாயம் காட்டியது.

நிறுவனத்தை நோக்கித் திரும்பிய பார்வை

பார்வை திரும்பியது மனநலச் சேவைகளின் உள்ளிருந்தே. 1980களில் பிலடெல்பியா பகுதியில் உளமருத்துவப் பிரிவு நடத்திய சாண்ட்ரா புளூம், நோயாளியைப் போலவே மருத்துவமனையும் அஞ்சி இறுகிப்போகலாம் என்று கண்டு, ‘சாங்சுவரி’ முறையை வளர்த்தெடுத்தார். 1990இல் லிசா மெக்கானும் லாரி பெர்ல்மனும், பிறர் துயரைக் கேட்பவரிடமும் மனவடு படியும் என்று விளக்கினர். 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும், 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட, குழந்தைப்பருவக் கொடுமைகள் பற்றிய ஆய்வின் முதல் முடிவுகளை வெளியிட்டனர். மனவடு அரிதானதன்று, பரவலானது என்பதை அது நிறுவியது.

2001இல் மாக்சின் ஹாரிஸ், ராஜர் ஃபாலட் ஆகியோர், மனவடு உணர்ந்த சேவைக்கென, பாதுகாப்பு, நம்பகத்தன்மை, தெரிவுரிமை, கூட்டுழைப்பு, அதிகாரமளித்தல் ஆகிய ஐந்து கொள்கைகளை வகுத்தனர். 2014இல் அமெரிக்க அரசின் சாம்சா அமைப்பு இதை விரிவாக்கி, மனவடுவின் பரவலை உணர்தல், அறிகுறிகளைக் கண்டுகொள்தல், அதற்கேற்ப நடைமுறைகளை மாற்றுதல், மீண்டும் வடுப்படுத்தாதிருத்தல் என்ற நான்கு கடமைகளைச் சொன்னது. பயனாளிக்காகப் பிறந்த கொள்கை, பணியாளரையும் தழுவியது.

நீதிமன்றங்கள் நிறுவிய கடமை

கொள்கையைக் கடமையாக்கியவை வழக்குகளே. பிரிட்டனில் வாக்கர் எதிர் நார்தம்பர்லேண்ட் கவுண்டி கவுன்சில் வழக்கு இதில் முக்கியமானது. குழந்தைவதை வழக்குகள் பெருகிய ஒரு பகுதியின் சமூகநலப் பொறுப்பாளர் 1986இல் மனம் தளர்ந்து வீழ்ந்தார். உதவியாளர் தரப்படுவார் என்ற உறுதியோடு அவர் திரும்பினார். அந்த உதவி விரைவில் விலக்கப்பட்டது. 1987இல் மீண்டும் வீழ்ந்தார். இரண்டாம் வீழ்ச்சியை முன்கூட்டியே உணர்ந்திருக்க முடியும் என்பதால் நிர்வாகமே பொறுப்பு என்று 1994இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கும் ஒருபடி மேலே சென்றது ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம். 2022ஆம் ஆண்டின் கொசரோவ் எதிர் விக்டோரியா மாநிலம் வழக்கில், மனுதாரர் பாலியல் குற்றங்களுக்கான தனிப்பிரிவில் பணியாற்றிய வழக்கறிஞர். அந்த அலுவலகத்தில் மனவடு பற்றிய கொள்கை ஆவணம் எழுத்தில் இருந்தது, சரியாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. முதல் வீழ்ச்சி வரை காத்திருக்கத் தேவையில்லை, வேலையின் தன்மையே போதிய எச்சரிக்கை என்று நீதிபதிகள் சிலர் எழுதினர். நிர்வாகம் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

2020இல் ஃபேஸ்புக் நிறுவனம் அமெரிக்காவில் பதிவுகளைச் சலித்தெடுத்த ஊழியர்களோடு 5.2 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டது. காணொளிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒலியை அடக்கிப் பார்க்கும் வசதியும் அதில் அடங்கும். கண்முன் வரும் கொடுமையின் அளவையே குறைக்கும் இத்தகைய மாற்றம்தான் மெய்யான அமைப்பு மாற்றம். ஆனால் அந்த உடன்பாடு அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் பணிபுரிந்தோரை மட்டுமே தழுவியது. அதே வேலையைச் செய்த ஹைதராபாத் ஊழியர்கள் அதற்கு வெளியே நின்றனர்.

இந்தியச் சட்டத்தில் ஒரு தொடக்கம்

இந்தியாவில் இக்கேள்வி பாலியல் வன்முறையின் வழியே எழுந்தது. இராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதால் 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். வேலையின் பொருட்டு நேர்ந்த கொடுமை அது. அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கிலிருந்துதான் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா தீர்ப்பு 1997இலும், அதன் வழியே 2013ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. விசாரணை நடக்கும்போதே புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு, இடமாற்றம், பெயர் வெளியிடாமை ஆகியவற்றுக்கு அச்சட்டம் வழிசெய்கிறது. மீண்டும் வடுப்படுத்தாதிருத்தல் என்ற கொள்கை இங்கே சட்டவடிவில் உள்ளது. ஆனால் பிணவறை ஊழியருக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், தூய்மைப் பணியாளருக்கும் அதற்கிணையான பாதுகாப்பு இல்லை.

முடிவுரை

இரயில் வழக்கில் தொழிலாளி தள்ளிவைக்கப்பட்டார். போர்க்களத்தில் வீரர் கோழை என்று பழிக்கப்பட்டார். பிறகு அவசர சேவை ஊழியர் ஒரே அமர்வில் குணமாகிவிடுவார் என்று நம்பப்பட்டார். மூன்றும் வேலையைக் கேள்விக்கு உட்படுத்தாமல் மனிதரை மட்டும் பார்த்தவை. கொடிய வழக்குகளைச் சுழற்சி முறையில் பகிர்தல், எண்ணிக்கைக்கு வரம்பிடுதல், இடைவெளி தருதல், தண்டனைக்கு அஞ்சாமல் ‘இனி என்னால் முடியாது’ என்று சொல்லும் உரிமை, வேலை அட்டவணையில் பணியாளருக்கும் குரல் ஆகியவை இல்லாத இடத்தில் பயிலரங்கும் உதவி எண்ணும் அலங்காரமே. ஆகவே ஒரு நிறுவனம் தன்னை மனவடு உணர்ந்த பணியிடம் என்று அறிவிக்கும்போது, அதன் கொள்கை ஆவணத்தோடு நின்றுவிடாமல் அதன் பணிப்பட்டியலையும் கேட்டு வாங்குவது தொழிற்சங்கங்களின், ஆய்வாளர்களின், பணியாளர்களாகிய நம் அனைவரின் கடமை.