படம் முடிந்த பிறகு

2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் திரையிடப்பட்டது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி கேலம் மக்ரே இயக்கிய படம். ஏற்பாடு செய்தது கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பு. மலேசிய உள்துறை அமைச்சின் அதிகாரிகள் மண்டபத்துக்கே வந்தார்கள். ஏற்பாட்டாளர்களில் ஒருவரான லீனா ஹென்றி மீது, தணிக்கை வாரியத்தின் ஒப்புதலில்லாத படத்தைக் காட்டியதாக வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2017 மார்ச்சில் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2014 செப்டம்பரில், கோமாஸின் திரைப்பட விழா ஜொகூர் பாருவில் இன்னொரு படத்தைக் காட்டியது. தான் பின் பின் இயக்கிய ‘டு சிங்கப்பூர், வித் லவ்’. கைதுக்கு அஞ்சி வெளியேறி, பல பத்தாண்டுகளாக ஊர் திரும்பாத சிங்கப்பூரர்களின் கதை அது. தேசியப் பாதுகாப்புக்குக் கேடு என்று சிங்கப்பூர் அரசு அதன் பொதுத் திரையிடலுக்குத் தடை விதித்திருந்தது. நூற்றுக்கணக்கான சிங்கப்பூரர்கள் பாலம் கடந்து போய், தங்கள் நாட்டின் வரலாற்றைப் பக்கத்து நாட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

‘நோ ஃபயர் ஸோன்’ படத்துக்கு 2014இல் இந்தியத் தணிக்கை வாரியமும் அனுமதி மறுத்தது. இயக்குநர் அதை இந்தியாவில் இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார். வீட்டில் தனியாகப் பார்ப்பவரைத் தடுப்பது கடினம் என்று அரசுகளுக்குத் தெரியும். அவற்றை உறுத்துவது மண்டபம்தான். முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, விளக்கு எரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்குவது.

சிங்கப்பூர்ப் படம் ஒருதலைப்பட்சமானது, சிலவற்றை மறைக்கிறது என்றார் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங். அப்படியே இருக்கட்டும். ஒருதலைப்பட்சமான படத்துக்கு மருந்து தடையல்ல, கலந்துரையாடல். படத்தில் இல்லாத குரல் அங்கேதான் எழ முடியும்.

இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். புலம்பெயர் நாடுகளில், ஆண்டுதோறும் மே மாதத்தில், நாமும் மண்டபம் எடுத்துப் படம் காட்டுகிறோம். அகவணக்கம், படம், உரை, தேநீர். இங்கே பிறந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டது ஏன் என்று கேட்டால்? கடைசி மாதங்களில் மக்கள் வெளியேற முடியாமல் புலிகள் தடுத்ததைப் பற்றிக் கேட்டால்? ‘இன்றைக்கு அது வேண்டாம்’ என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொள்பவர் அதிகாரி அல்ல, நம்மில் ஒருவர்.

அந்தக் கேள்வியால் அரசின் குற்றம் குறைந்துவிடாது. கேட்டவள் அடுத்த ஆண்டும் வருவாள், அவ்வளவுதான். நெறிப்படுத்துபவரின் முதல் வேலை அவளைப் பேசி முடிக்க விடுவது. பதில் தெரிந்தவர் மண்டபத்தில் இருக்கக்கூடும். அந்த நாட்களை அனுபவித்தவரே பின் வரிசையில் இருக்கக்கூடும்.