விடிவெள்ளி சாத்தான் ஆன கதை

லூசிபர் என்றொரு பேரழகுத் தேவதூதன் இருந்தான், கடவுளின் சிங்காசனத்துக்கு மேலே தன் சிங்காசனத்தை உயர்த்த ஆசைப்பட்டான், அந்தப் பெருமையால் வானத்திலிருந்து தள்ளப்பட்டுச் சாத்தான் ஆனான். தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு பள்ளி வயதிலேயே கேட்டுவிடும் கதை இது. ஆனால் தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபைகளில் தலைமுறைகளாகப் படிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் லூசிபர் என்ற பெயர் அகப்படாது. அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஏசாயா 14-ஆம் அதிகாரத்தின் 12-ஆம் வசனத்தில் அங்கே இருப்பது ‘விடிவெள்ளி’ என்ற சொல். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் விசுவாசிகளின் உள்ளத்தில் உதிக்கப் போவதும், வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தம்மைக் குறித்துச் சொல்வதும் அதே விடிவெள்ளிதான். ஒரே சொல் ஓரிடத்தில் கிறிஸ்துவையும் இன்னோரிடத்தில் பிசாசையும் குறிப்பதாக எப்படி வாசிக்கப்பட்டது? லூசிபரின் வரலாறு வேதத்துக்குள் எழுதப்பட்ட வரலாறு அல்ல. வேதத்தை வாசித்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இணைத்து உருவாக்கிய வரலாறு. அதைப் பிரித்துக் காட்டுவதால் விசுவாசம் குறைவதில்லை. மறைந்துபோன ஒரு தீர்க்கதரிசனத்தின் குரல் திரும்பக் கிடைக்கிறது.

முதலில் அந்த அதிகாரம் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அது பாபிலோன் ராஜாவின்மேல் பாடப்படும் ஏளனப் பாட்டு என்று 4-ஆம் வசனமே அறிவித்துவிடுகிறது. ஒடுக்கியவன் ஒழிந்தான் என்று பூமி இளைப்பாறுகிறது. தங்களை வெட்ட இனி ஒருவரும் ஏறி வருவதில்லை என்று லெபனானின் மரங்கள்கூட மகிழ்கின்றன. இந்த மரங்கள் வெறும் கவிதை அலங்காரம் அல்ல. அசீரிய, பாபிலோனிய அரசர்கள் தங்கள் அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் லெபனானின் கேதுரு மரங்களை வெட்டிக்கொண்டுபோனார்கள். கி.மு. 586-இல் எருசலேமை அழித்த நேபுகாத்நேச்சார், லெபனானில் வாடி பிரிஸா என்ற பள்ளத்தாக்கின் பாறையில் அதைப் பெருமையாகப் பொறித்தும் வைத்தான். பாட்டின் நாயகன் இறந்து பாதாளத்துக்கு வருகிறான். அங்கே முன்பே இறந்துகிடக்கும் அரசர்கள் எழுந்து, நீயும் எங்களைப்போல் ஆனாயோ என்று கேட்கிறார்கள். அவனுக்குப் புழுக்களே படுக்கை. மற்ற அரசர்களுக்குக் கிடைத்த கல்லறைகூட அவனுக்கு இல்லை. பூமியை நடுங்க வைத்த மனிதன் இவன்தானா என்று பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். மனிதன் என்றே வசனம் சொல்கிறது. சாவும் புழுவும் கல்லறையும் தேவதூதனுக்கு உரியவை அல்ல. விண்ணளவு தன்னை உயர்த்திக்கொண்ட ஒரு சர்வாதிகாரியின் சவ ஊர்வலம் இது.

எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொற்கள் ‘ஹேலேல் பென் ஷஹார்’. விடியலின் மகனான ஒளிவீசுபவன் என்று பொருள் கொள்ளலாம். சூரியன் எழும்முன் எல்லா நட்சத்திரங்களையும் விஞ்சி மின்னி, பொழுது விடிந்ததும் மறைந்துபோகும் வெள்ளிக் கோளுக்கு இது பொருந்துகிறது. அற்ப காலம் மின்னிய பேரரசனுக்கு இதைவிடச் சரியான உவமை கிடைப்பது அரிது. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து இதை விடியலைக் கொண்டுவருவது என்று பெயர்த்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி லத்தீனில் பெயர்த்த ஜெரோம், விடிவெள்ளிக்கு லத்தீன் மக்கள் வழங்கிய சாதாரணச் சொல்லையே போட்டார். அந்தச் சொல்தான் ‘லூசிபர்’. ஒளியைச் சுமப்பது என்பது அதன் நேர்ப்பொருள். அந்த லத்தீன் வேதத்தில் பேதுருவின் நிருபத்திலும் யோபுவின் புத்தகத்திலும்கூட அதே சொல் எந்தத் தீய நிழலும் இல்லாமல் வருகிறது. அதே நூற்றாண்டில் சார்தினியா தீவின் காலியாரி நகரில் லூசிபர் என்ற பெயருடைய ஆயர் ஒருவர் இருந்தார். கிறிஸ்துவும் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் போதனையை எதிர்த்துக் கடுமையாகப் போராடியவர் அவர். அந்தக் காலத்தில் அது பிசாசின் பெயராக மட்டுமே ஒலித்திருந்தால் ஓர் ஆயர் அதைத் தாங்கியிருக்க முடியாது. ஈஸ்டர் இரவில் கத்தோலிக்கத் திருச்சபை பாடும் பழைய லத்தீன் புகழுரையும் கிறிஸ்துவை அதே சொல்லால்தான் அழைக்கிறது.

அப்படியானால் ஏசாயாவின் பாட்டைச் சாத்தானுக்குச் சூட்டியவர்கள் யார்? மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் அதைத் தெளிவாகச் செய்தார். அவருக்கு அதற்கு ஒரு கனத்த காரணம் இருந்தது. உலகைப் படைத்தவன் நல்ல கடவுள் அல்ல என்று மார்க்கியோனின் சீடர்களும் ஞானவாதிகளும் வாதிட்ட காலம் அது. எல்லாவற்றையும் நல்லதாகவே கடவுள் படைத்தார் என்றால் பிசாசு எங்கிருந்து வந்தான் என்ற கேள்விக்குத் திருச்சபை பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. பிசாசும் நல்லவனாகவே படைக்கப்பட்டுத் தன் சுயசித்தத்தால் விழுந்தான் என்பது ஓரிஜனின் பதில். அதற்குச் சான்றாக அவர் ஏசாயா 14-ஐயும், தீரு நகரின் அரசனைப் பற்றிய எசேக்கியேல் 28-ஐயும் சேர்த்துப் படித்தார். பின்னர் அகஸ்டினும் மானிகேயரின் இருதெய்வக் கொள்கைக்கு எதிராக இதே இரண்டு பகுதிகளையும் எடுத்தாண்டார். அவர்கள் காக்க முனைந்தது படைப்பு நல்லது என்ற உண்மையை. அதற்காக அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதாலேயே ஒரு விளக்கம் வசனத்தின் சொந்தப் பொருள் ஆகிவிடாது. இதுவே ஆதித் திருச்சபையின் ஒரே விளக்கமாகவும் இருக்கவில்லை. மனுஷகுமாரத்திகள்மேல் ஆசைகொண்டு இறங்கிவந்த தூதர்களே கெட்டவர்கள் என்று பழைய யூத நூலான ஏனோக்கின் புத்தகம் சொன்னது. இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டினும் அந்த வழியிலேயே எழுதினார். பிசாசு ஆதாமின்மேல் பொறாமைப்பட்டு விழுந்தான் என்பது இன்னொரு பழைய மரபு. காமம், பொறாமை, பெருமை என்று வீழ்ச்சிக்கு மூன்று காரணங்கள் போட்டியிட்டன. நிலைத்தது பெருமையின் கதை.

எபிரெய வேதத்தில் ‘சாத்தான்’ என்ற சொல்லின் வழியும் அவனைப் பற்றிய எண்ணம் படிப்படியாக உருவானதையே காட்டுகிறது. எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்பதே அதன் பொருள். எண்ணாகமத்தில் பிலேயாமின் கழுதைக்கு முன் வழிமறித்து நின்ற கர்த்தருடைய தூதனைக் குறித்தும் மூலத்தில் அதே சொல் வருகிறது. யோபுவின் புத்தகத்தில் சாத்தான் கடவுளின் சபைக்கு வந்து, அனுமதி பெற்றே யோபுவைச் சோதிக்கிறான்; அங்கே எபிரெயத்தில் அது இயற்பெயர் அல்ல, பதவியின் பெயர். தாவீது ஜனங்களைத் தொகையிட்ட நிகழ்ச்சி இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. கர்த்தருடைய கோபமே தாவீதை ஏவியது என்கிறது 2 சாமுவேல் 24. சாத்தான் ஏவினான் என்கிறது பிற்காலத்து 1 நாளாகமம் 21. தீமையைப் பற்றிய சிந்தனை இஸ்ரவேலுக்குள்ளேயே வளர்ந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஏசாயாவும் இயேசுவும் ஒரே வீழ்ச்சியைத்தான் சொல்கிறார்கள், சாத்தான் மின்னலைப்போல் வானத்திலிருந்து விழுகிறதைக் கண்டதாக லூக்கா 10-இல் இயேசுவே சொன்னாரே என்று ஒருவர் கேட்கலாம். அனுப்பப்பட்ட சீடர்கள், பிசாசுகள் தங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று மகிழ்ந்து திரும்பிய வேளையில் சொன்ன வார்த்தை அது. அப்போது முறிந்துகொண்டிருந்த வல்லமையை அது குறிக்கிறது என்று கொள்வதே இடத்துக்குப் பொருந்தும். படைப்புக் காலத்துக் கதை எதையும் அந்த வசனம் விவரிக்கவில்லை. தீர்க்கதரிசனத்துக்கு இரண்டு அடுக்குப் பொருள் உண்டு, ராஜாவின் பின்னால் பிசாசு நிற்கிறான் என்பது அடுத்த வாதம். இதை நான் முழுதாக மறுக்கவில்லை. ஒவ்வொரு கொடுங்கோலனின் அகந்தையிலும் சாத்தானின் சாயலைக் காணப் பிரசங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் நிழற்பொருள் நேர்ப்பொருளின் தோளில் ஏறித்தான் நிற்க முடியும். ராஜாவை அகற்றிவிட்டுப் பிசாசை மட்டும் வைத்தால் அது இரண்டாம் அடுக்கு அல்ல, வேறு கட்டடம்.

இந்த வழியில் போனால் பிசாசே இல்லை என்ற முடிவுக்குத்தான் வருவோம் என்ற அச்சம்தான் எதிர்ப்புகளில் வலியது. அதற்கு வரலாற்றில் இடமும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் போதகர் பால்தசார் பெக்கர் 1691-இல் வெளியிடத் தொடங்கிய ‘மயக்கப்பட்ட உலகம்’ என்ற நூலில், பிசாசு மனிதர் காரியங்களில் தலையிடும் வல்லமை அற்றவன் என்று வாதிட்டார். மறு ஆண்டே அவருடைய சபைப் பதவி பறிக்கப்பட்டது. ஆனால் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, பிசாசை உறுதியாக நம்பிய ஜான் கால்வின் தம் ஏசாயா விளக்கவுரையில் இந்த அதிகாரத்தைச் சாத்தானுக்குப் பொருத்துவதை அறியாமையில் பிறந்த பிழை என்று கடிந்தார். மார்ட்டின் லூத்தரும் இது பாபிலோன் ராஜாவைப் பற்றியது என்றே வாசித்தார். சாத்தானோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியதாக உணர்ந்த லூத்தரை அவிசுவாசி என்று யாரும் சொல்ல முடியாது. கத்தோலிக்கத் தரப்பிலும் 1215-இன் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பிசாசுகள் நல்லவையாகப் படைக்கப்பட்டுத் தாங்களாகவே தீயவை ஆயின என்று அறிக்கையிட்டபோது ஏசாயாவை அதற்கு ஆதாரமாக நிறுத்தவில்லை. பாவம் செய்த தூதர்களைப் பற்றிப் பேதுருவும் யூதாவும் எழுதியிருக்கிறார்கள். கோட்பாடு நிற்க வேண்டுமானால் அங்கே நிற்கட்டும்.

ஆங்கிலத்தில் 1611-இன் கிங் ஜேம்ஸ் வேதம் ‘லூசிபர்’ என்ற லத்தீன் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது. ஆயினும் ஓரக்குறிப்பில் பகல்நட்சத்திரம் என்ற பொருளையும் தந்தது. மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ போன்ற காவியங்களின் வலுவில் அந்தச் சொல் ஒரு பாத்திரமாகவே நிலைபெற்றது. 1885-இல் முழுமையாக வெளிவந்த திருத்திய ஆங்கில வேதம் அதை விலக்கியது. தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் வந்திருக்கவே வேண்டாம். மொழிபெயர்த்தவர்கள் மூலத்தின் பொருளைப் பிடித்து நல்ல தமிழில் தந்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பு திருத்திய பிழையைப் பிரசங்கம் மீண்டும் உள்ளே கொண்டுவந்தது.

இதனால் இழப்பு யாருக்கு? சிறைப்பட்டு, நாடிழந்து, கோயில் இடிந்து நின்ற ஒரு ஜனம் தன்னை நசுக்கிய பேரரசனின் முடிவைப் பாடும் துணிவு அந்த அதிகாரத்தில் இருக்கிறது. அதை வானத்தில் நடந்த கதையாக மாற்றும்போது பூமியின் கொடுங்கோலன் தப்பித்துக்கொள்கிறான். காடழித்தவனும் கைதிகளை வீட்டுக்கு அனுப்பாதவனும் விசாரணையிலிருந்து விடுபடுகிறார்கள். ஆகவே அடுத்த முறை லூசிபரின் கதையைக் கேட்கும் வாசகர், அந்த அதிகாரத்தை 4-ஆம் வசனத்திலிருந்து தம் சொந்தத் தமிழ் வேதத்தில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அங்கே விழுவது ஒரு ராஜா.